ஃபார்மட் போடச் சொல்லாதீர்கள்

பெங்களூரில் நாலு தமிழர்கள் சேர்ந்து லினக்ஸ் இயங்குதளம் பற்றிப் பேசினால் ஒரு வாக்கியம் வந்தே தீரும். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாயங்கால டீக்கடையானாலும் சரி, எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப்புக்கு ராம் மாட்டித் தரும் கடை வாசலானாலும் சரி. "டெஸ்க்டாப் அப்கிரேட் பண்ணப் போனேன் மச்சி, அன்மெட் டிபென்டன்சீஸ்னு நிக்குது" என்பார் ஒருவர்; ஒரு மென்பொருளுக்கு வேண்டிய துணை மென்பொருள் கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். பக்கத்தில் இருப்பவர் யோசிக்கக்கூட மாட்டார். "ஹோம் ஃபோல்டரை காப்பி எடுத்துட்டு ஃபார்மட் போட்டுடுடா, அரை மணி நேர வேலை." கேட்டவரும் தலையாட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த அறிவுரை எனக்கு வெகுநாளாக ஒப்பவில்லை. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பகல் முழுக்க சர்வர்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அலுவலகத்து சர்வரில் இதே பிழை வந்தால் ஒருவரும் ஃபார்மட் போட மாட்டார்கள். வீட்டுக் கணினி என்றால் மட்டும் பிழைச் செய்தியைப் படிக்கும் பொறுமை போய்விடுகிறது.

அந்த அரை மணி நேரமும் உண்மை இல்லை. நிறுவல் முடிவது அரை மணியில்தான். பிறகு தமிழ்99 விசைப்பலகை, பிரின்டர், எழுத்துருக்கள், ஆபீஸ் விபிஎன் சான்றிதழ், ஒவ்வொரு மென்பொருளின் அமைப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முரண்பாட்டை உண்டாக்கியது எது என்று தெரியாமலே போவதால், புதிதாக நிறுவிய கையோடு அதே வெளி ரெப்போவை (மென்பொருள் வந்து சேரும் இணையக் கிடங்கு) மறுபடி சேர்ப்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான வெளியீடு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டு வருடம் கழித்து அதே டீக்கடை, அதே பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பேக்கேஜ் (மென்பொருள் பொதி) முரண்பாடு என்று திரையில் வருவதில் பெரும்பாலானவை பேக்கேஜின் கோளாறு அல்ல. அந்தப் பேக்கேஜ் எந்த ரெப்போவிலிருந்து வந்தது, அந்த ரெப்போ இப்போது இருக்கிறதா என்பதில்தான் முடிச்சு விழுகிறது. எது மோதுகிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முடிச்சு பத்து நிமிடத்தில் கண்ணில் படும்.

ஓர் எடுத்துக்காட்டோடு போகலாம். ஸ்ரீராமபுரத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டும் ஒரு கணினி என்று வைத்துக்கொள்வோம். டெபியன் 12, அதில் கேடிஇ பிளாஸ்மா 5.27 என்ற டெஸ்க்டாப். வீடியோ சரியாக ஓட வேண்டும் என்பதற்காகப் பல்லூடகப் பேக்கேஜ்களுக்கான வெளி ரெப்போ ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. தளத்திலிருந்து இறக்கி நிறுவிய டெப் கோப்புகள் (டெபியன் வடிவப் பேக்கேஜ்கள்) ஒன்றிரண்டு. தட்டச்சுக்கு எஃப்சிஐடிஎக்ஸ்5, அதில் தமிழ்99. இதை 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13க்கு, அதாவது பிளாஸ்மா 6.3க்கு உயர்த்த வேண்டும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்மாவை மட்டும் தனியே உயர்த்தினால் போதாதா என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். போதாது. பிளாஸ்மா 6 முழுவதும் க்யூட்டி 6 என்ற நூலகத் தொகுப்பின் மேல் நிற்கிறது. சன்னல்களை நிர்வகிக்கும் கேவின் போன்ற பகுதிகள் க்யூட்டியின் வெளிப்படையான பகுதிகளோடு நிற்காமல் அதன் உள்ளறைகளையும் தொடுகின்றன. அந்த உள்ளறைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் டெபியன் அவற்றுக்கு ஒரு தனிப் பூட்டு வைத்திருக்கிறது: க்யூட்டி6-பேஸ்-பிரைவேட்-ஏபிஐ என்ற மெய்நிகர் பேக்கேஜ், சமக்குறியோடு, துல்லியமான பதிப்பெண்ணோடு. 6.8.2க்குக் கட்டியது 6.8.2இல் மட்டுமே நிற்கும். டெபியன் 12இல் க்யூட்டி 5க்கும் இதே பூட்டு க்யூட்டிபேஸ்-ஏபிஐ-5-15-8 என்ற பெயரில் இருந்தது. அமைப்பின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி டெபியன் 12இல் 2.36, 13இல் 2.41. ஆகவே பழைய அமைப்பில் புதிய ரெப்போவைச் சேர்த்து பிளாஸ்மாவை மட்டும் இழுத்தால், அது ஜிலிப்சியை இழுக்கும், ஜிலிப்சி மற்றதை இழுக்கும்; பாதி 12, பாதி 13 என்று ஓர் உடல் மிஞ்சும். டெபியன்காரர்கள் இதை ஃபிராங்கன்டெபியன் என்கிறார்கள். ஏறினால் முழுதாக ஏறுங்கள், இல்லையென்றால் இருக்கும் இடத்தில் இருங்கள்.

வரியின் வாலைப் படியுங்கள்

பேக்கேஜ்களை நிறுவும் கட்டளையான ஆப்ட் தரும் பிழைச் செய்தியில் எல்லோரும் படிப்பது கடைசி வரியை: "யூ ஹேவ் ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்." படித்ததும் எதையோ ஹோல்டில் (பதிப்பு மாறாமல் நிறுத்தி) வைத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று தட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே வராது. அந்த வரி சொல்வதெல்லாம் தன்னால் விடை காண முடியவில்லை என்பதை மட்டும்தான். ஹோல்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அந்த வரியை மறந்துவிடுங்கள்.

விஷயம் மேலே இருக்கிறது. "டிபென்ட்ஸ்" என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் "பட்" என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு வால் இருக்கும். அது மூன்று விதமாக வரும். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். பலர் மூன்றையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் வால், "இட் இஸ் நாட் இன்ஸ்டாலபிள்." கேட்ட பெயரில் ஒரு பேக்கேஜ் இப்போது இயங்கும் எந்த ரெப்போவிலும் இல்லை என்று அர்த்தம். ரெப்போ பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கலாம். கான்ட்ரிப் அல்லது நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். பேக்கேஜின் பெயரே மாறியிருக்கலாம். 32 பிட் பதிப்பைக் கேட்கிறது, நீங்கள் அந்தக் கட்டமைப்பைச் சேர்க்கவில்லை என்றும் இருக்கலாம். இங்கே பேக்கேஜ்களை நீக்கிப் பார்ப்பதில் பயனே இல்லை. ரெப்போ கோப்பைத்தான் திறக்க வேண்டும்.

இரண்டாவது வால், "இட் இஸ் நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்." இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், இதில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் ஆப்ட் அதை எடுக்கப் போவதில்லை. காரணம் இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது. இந்த வரியில் வரும் பெயர் குற்றவாளி அல்ல, சாட்சி. அந்தச் சாட்சியையே விசாரிக்க வேண்டும்: ஆப்ட் இன்ஸ்டால் -எஸ், அதன் பின் அந்தப் பெயர். -எஸ் என்பது ஒத்திகை. எதையும் மாற்றாது, ரூட் (நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். அது இன்னொரு பெயரைத் தரும், அதற்கும் அதே கேள்வி. மூன்று நான்கு படிகளில் அடி தட்டும். ஆப்டிடியூட் என்ற கருவி இருந்தால் ஆப்டிடியூட் ஒய்-நாட் என்ற கட்டளை இந்தப் படிகளைத் தானே இறங்கிக் காட்டும்.

மூன்றாவது வால்தான் நாம் தேடிப் போவது. ஒரு பதிப்பெண், அதன் பிறகு "இஸ் டு பி இன்ஸ்டால்ட்." இன்ன பதிப்பு வேண்டும் என்கிறது ஒன்று, கையில் இருப்பது வேறு பதிப்பு. இரண்டு எண்களும் ஒரே வரியில் நிற்கின்றன. இந்த வரி கிடைத்துவிட்டால் இனி தேட வேண்டியது இல்லை.

நம் ஸ்ரீராமபுரத்துக் கணினியில் எதையும் சுத்தம் செய்யாமல் டெபியன் 13க்கான ஒத்திகை ஓட்டினால் மேல்வரிசையில் பிளாஸ்மாவின் பேக்கேஜ்கள் இரண்டாவது வாலோடு நிற்கும். ஒன்றைப் பிடித்து இறங்கினால் கேபைப்வயர் வரும். பிளாஸ்மாவில் திரையைப் பதிவு செய்யும் வேலை அதனுடையது. அதன் பதிவுப் பகுதி எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நூலகங்களைக் கேட்கும். அதையும் பிடித்து இறங்கினால் லிப்ஏவிஃபில்டர்10. அங்கே அந்த வரி: லிப்ஏவிஃபில்டர்10க்கு லிப்ஏவியூட்டில்59 வேண்டும், சமக்குறியோடு 7:7.1, ஆனால் நிறுவப்பட்டிருப்பது 10:7.1. வால் எண்களை விட்டுவிடுங்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் 7, 10 என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். பிளாஸ்மா ஏற மறுப்பதற்குக் காரணம் ஒரு வீடியோ நூலகம். மேலே பிளாஸ்மா என்று வரிவரியாக வந்ததைப் பார்த்துவிட்டு பிளாஸ்மாவை நீக்கி மறுபடி நிறுவியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நீக்குவது நடக்கும். நிறுவுவது நடக்காது.

மூன்று நட்சத்திரம்

இப்போது ஆப்ட் பாலிசி லிப்ஏவியூட்டில்59 என்று தட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கட்டளையை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவப்பட்ட பதிப்பு, அடுத்து நிறுவத் தகுந்த பதிப்பு, அதன் கீழ் ஒரு பட்டியல். பட்டியலில் ஒரு பதிப்பின் இடப்பக்கம் மூன்று நட்சத்திரம் நிற்கும். அதுதான் கணினியில் இப்போது இருப்பது. அதன் கீழ் வரும் வரிகள் அந்தப் பதிப்பு எந்தெந்த ரெப்போவில் கிடைக்கிறது என்று சொல்லும். சாதாரண ரெப்போ வரிக்கு முன்னால் 500 என்று இருக்கும். டிபிகேஜி ஸ்டேட்டஸ் (கணினியில் நிறுவியவற்றின் பதிவு) என்ற வரிக்கு முன்னால் 100.

நட்சத்திரத்துக்குக் கீழே 500 வரியே இல்லாமல் டிபிகேஜி ஸ்டேட்டஸ் வரி மட்டும் தனியாக நின்றால், அந்தப் பேக்கேஜுக்கு ஊர் இல்லை. கணினியில் இருக்கிறது; எந்த ரெப்போவும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. அப்கிரேடுக்கு முன் வெளி ரெப்போவை முடக்கச் சொல்லி எல்லாக் கையேடுகளும் எழுதியிருக்கின்றன, நாமும் முடக்கிவிட்டோம். ரெப்போ போய்விட்டது, அது கொண்டுவந்து இறக்கிய பேக்கேஜ்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. கையேடுகளில் பலவும் இந்த இடத்தில்தான் பாதியில் நிறுத்திவிடுகின்றன. முடக்குவது பாதி வேலை. வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மீதி.

ஏன் தானாகச் சரியாகவில்லை? டெபியன் பதிப்பெண்ணில் முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது எபோக். ஒப்பிடும்போது முதலில் அதைத்தான் பார்க்கும்; அது பெரியது என்றால் மீதியைப் படிக்கவே படிக்காது. டெபியனின் எஃப்எஃப்எம்பெக்குக்கு எபோக் 7. பல்லூடக வெளி ரெப்போ தன் பேக்கேஜ்கள் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக 10 வைத்திருக்கிறது. எனவே டெபியனில் எத்தனை புதிய எஃப்எஃப்எம்பெக் வந்தாலும் ஆப்ட் பார்வையில் அது பழசு. ஆப்ட் தானாக ஒருபோதும் பதிப்பைக் கீழிறக்காது. எஃப்எஃப்எம்பெக் நூலகங்கள் எல்லாம் ஒன்றையொன்று சமக்குறியோடு கேட்பவை. எல்லாம் ஒரே கட்டிலிருந்து வர வேண்டும். இங்கே சில வெளியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டன, புதிதாகத் தேவைப்படும் ஒன்று டெபியனிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அங்கேதான் பூட்டு. சந்தேகம் இருந்தால் டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையில் இரண்டு எண்ணையும் கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். எபோக்கோடு இன்னொரு குறியும் தெரிந்திருக்க வேண்டும்: அலைக்குறி. 6.0 என்பதைவிட 6.0~ஆர்சி1 சின்னது. புதிய பேக்கேஜைப் பழைய வெளியீட்டுக்காகக் கட்டித் தருபவர்கள், அதாவது பேக்போர்ட் செய்கிறவர்கள், இதைப் பயன்படுத்துவார்கள். அவர்கள் பேக்கேஜ் அடுத்த வெளியீடு வந்ததும் தானாக விலகி வழிவிடும். அந்த ஒழுக்கம் உள்ள ரெப்போக்களை நம்பிச் சேர்க்கலாம்.

திருப்பி அனுப்புவது

இதை டெபியன் 12இல் இருக்கும்போதே, ரெப்போ கோப்பில் புக்வோர்ம் (12இன் பெயர்) என்பதை ட்ரிக்ஸி (13இன் பெயர்) என்று மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வரிசை தப்பினால் வேலை இரட்டிப்பாகும். முதலில் மூன்று பிரதிகள்: இடிசி கோப்புறை முழுவதும், டிபிகேஜி --கெட்-செலக்‌ஷன்ஸ் தரும் பட்டியல், வார்-லிப்-ஆப்ட் கோப்புறைக்குள் இருக்கும் எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ் என்ற கோப்பு. கடைசியானதைப் பலர் எடுப்பதில்லை. எந்தப் பேக்கேஜை நீங்கள் கேட்டு நிறுவினீர்கள், எது துணைக்கு வந்தது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது தொலைந்தால், தேவையற்ற துணைப் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளைக்கு எதை நீக்கலாம் என்றே தெரியாது.

அடுத்து, டெபியனிலிருந்து வராத பேக்கேஜ்களின் பட்டியல். ஆப்ட் லிஸ்ட் என்று தட்டி, மேற்கோளுக்குள் ?நேரோ(?இன்ஸ்டால்ட், ?நாட்(?ஆரிஜின்(டெபியன்))) என்று கொடுத்தால் வரும். நீளமாக இருந்தால் பதற வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்வி: இது வேண்டுமா, இதற்கு டெபியனிலேயே ஒன்று இருக்கிறதா, வேண்டாமென்றால் எடுத்தால் என்ன போகும்? டெப் கோப்பாக இறக்கி நிறுவியவை இங்கே தலைகாட்டும். பிளாஸ்மா 5க்காக எழுதிய விட்ஜெட்டுகளும் லாட்டே டாக் போன்றவையும் 6இல் எப்படியும் ஓடாது. லாட்டே டாக்கின் உருவாக்கம் 2022இலேயே நின்றுவிட்டது. இப்போதே எடுத்துவிடுங்கள்.

பிறகு, வெளி ரெப்போ இன்னும் முடக்கப்படவில்லை என்றால், அதன் கோப்பில் எனேபிள்ட்: நோ என்று ஒரு வரி, அல்லது பழைய வடிவமானால் வரிக்கு முன் ஒரு # குறி. ஆப்ட் அப்டேட். அடுத்து இடிசிக்குள் ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் தற்காலிகக் கோப்பு ஒன்று, மூன்றே வரி ('பின்' என்பது இங்கே ஆங்கிலச் சொல், குத்தி நிறுத்துவது). பேக்கேஜ்: *. பின்: ரிலீஸ் ஓ=டெபியன். பின்-பிரையாரிட்டி: 1001. முன்னுரிமை 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே ஆப்ட் பதிப்பைக் கீழிறக்கச் சம்மதிக்கும். 990 போட்டுவிட்டு ஏன் நடக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. இரண்டாவது வரியில் ஓ=டெபியன் என்பதற்குப் பதில் என்=புக்வோர்ம் என்று எழுதினால் ஒரு ஆபத்து உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் புக்வோர்ம்-செக்யூரிட்டி என்ற வேறு பெயரில் வருபவை. அவற்றையும் சேர்த்துக் கீழிறக்கிவிடும். ஓ=டெபியன் எல்லாவற்றையும் தழுவும்.

இப்போது ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் -எஸ். ஒத்திகையில் டவுன்கிரேடட் என்ற தலைப்பில் எஃப்எஃப்எம்பெக், வீடியோ பிளேயர் எல்லாம் வரிசையாக வர வேண்டும். வந்தால் -எஸ் இல்லாமல் ஓட்டுங்கள். எஃப்எஃப்எம்பெக் டெபியன் 12இன் 5.1க்கு இறங்கும், தன்னோடு லிப்ஏவியூட்டில்57ஐக் கொண்டுவரும். 59 மட்டும் அங்கேயே இருக்கும், ஏனென்றால் டெபியன் 12இல் அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை, இறக்கிவைக்க இடம் இல்லை. அதைக் கேட்பவர் இப்போது எவரும் இல்லாததால் ஆட்டோரிமூவ் எடுத்துவிடும். கையால் நிறுவியது என்று பதிவாகியிருந்தால் பெயர் சொல்லி நீக்க வேண்டும். நூலகங்களை இப்படி இறக்குவதில் பிரச்சினை வருவது அரிது. டேட்டாபேஸ் போன்று தன் கோப்பு வடிவத்தையே மாற்றிக்கொள்ளும் பேக்கேஜ்களுக்கு இதைச் செய்யக் கூடாது. மேலே ஏற்றும்போது மாறிய கோப்பை கீழே இறக்கும்போது திருப்பி மாற்றித் தரும் ஏற்பாடு கிடையாது. முடிந்ததும் அந்த மூன்று வரிக் கோப்பை அழித்துவிடுங்கள்.

உபுண்டு, குபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த முழு வேலைக்கும் பிபிஏ-பர்ஜ் என்ற கருவியே இருக்கிறது. ரெப்போவை முடக்கி, அதிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவிடும். டூ-ரிலீஸ்-அப்கிரேட் கட்டளை பிபிஏக்களை (உபுண்டுவுக்கான வெளி ரெப்போக்கள்) முடக்கத்தான் செய்யும், திருப்பி அனுப்பாது. ஆகவே பிபிஏ-பர்ஜ் முதலில்.

நீக்கப்படும் பட்டியல்

இனி ரெப்போ கோப்பில் ட்ரிக்ஸி. ஆப்ட் அப்டேட், பிறகு ஆப்ட் அப்கிரேட் --விதவுட்-நியூ-பிகேஜிஸ், அதன் பிறகுதான் ஃபுல்-அப்கிரேட். நடுவில் உள்ள படியைத் தாண்டாதீர்கள். யாரையும் நீக்காமல், யாரையும் புதிதாகச் சேர்க்காமல் ஏறக்கூடியதெல்லாம் முதலில் ஏறிவிட்டால், மீதிக்கு விடை காண்பது ஆப்டுக்கு எளிது. டெபியன் 13இல் ஆப்ட் 3.0 வந்திருக்கிறது, அதில் முரண்பாடுகளுக்கு விடை காணும் புதிய தீர்ப்பான் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஏறும்போது வேலை செய்வது டெபியன் 12இன் ஆப்ட் 2.6தான். அதன் கெட்டிக்காரத்தனத்தை நம்பாமல் நாம் சுத்தம் செய்து கொடுப்பதே மேல்.

ஃபுல்-அப்கிரேட் ஒத்திகையில் நீக்கப்படுபவை என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். இந்த முறை அது வழக்கத்தைவிட நீளம், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 32 பிட் நேர எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்குள் தயாராக டெபியன் நேர எண்ணை 64 பிட்டுக்கு மாற்றியது, பாதிக்கப்பட்ட நூலகங்களுக்கெல்லாம் பெயரின் வாலில் டி64 சேர்த்தது. லிப்ஜிடிகே-3-0 இப்போது லிப்ஜிடிகே-3-0டி64. லிப்அசவுண்ட்2 இப்போது லிப்அசவுண்ட்2டி64. உபுண்டு 24.04இலும் இதே. பழைய பெயர் நீக்கப்படும், புதிய பெயர் நிறுவப்படும். பட்டியலைப் பார்த்தால் ஜிடிகேயே போகிறது என்று தோன்றும். படிக்கும் விதம் இதுதான்: நீக்கப்படும் ஒவ்வொரு லிப் பெயருக்கும் புதிதாக நிறுவப்படுபவையில் டி64 ஜோடியோ எண் கூடிய ஜோடியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடி இருந்தால் கவலை இல்லை. வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நேர எண் முன்பே 64 பிட்தான்; அதனால் அங்கே புதிய பேக்கேஜ் பழைய பெயருக்கும் பதில் சொல்லும், வெளியே வாங்கிய டெப் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். லிப்அசவுண்ட்2 என்று நேரடியாகப் பெயர் சொல்லி நிறுவும் பழைய ஸ்கிரிப்டுகள்தான் நிற்கும். அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல ஒன்றுக்கு மேல் பேர் இருப்பதால் எதை எடுப்பது என்று ஆப்ட் முடிவு செய்யாது. ஸ்கிரிப்டில் டி64 சேர்த்தால் முடிந்தது.

ஜோடி இல்லாமல் போகக் கூடாத பெயர்கள் சில உண்டு: பிளாஸ்மா-டெஸ்க்டாப், பிளாஸ்மா-வொர்க்ஸ்பேஸ், கேவின்-வேலேண்ட், எஸ்டிடிஎம் (உள்நுழைவுத் திரை), நெட்வொர்க்-மேனேஜர், லினக்ஸ்-இமேஜ் (கர்னல்). இவற்றில் ஒன்று நீக்கப்படும் பட்டியலில் மட்டும் இருந்து வேறெங்கும் இல்லை என்றால், மறுப்பதற்கான ஆங்கில 'என்' எழுத்தை அழுத்திவிட்டு மறுபடி வாலைப் படிக்கப் போங்கள். நெட்வொர்க்-மேனேஜர் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். டெஸ்க்டாப் போனாலும் டெர்மினலில் திருப்பி நிறுவலாம். வைஃபையே இல்லாமல் எதை இறக்குவது?

இந்தப் பட்டியலைப் படிக்காததன் விலையை உலகமே 2021 இறுதியில் பார்த்தது. பெரிய யூடியூப் சேனல் ஒன்றில், பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸ் வைத்த கணினியில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் நிறுவும்போது, டெஸ்க்டாப் நீக்கப்படும் என்று ஆப்ட் எச்சரித்து, "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியமாகத் தட்டச் சொன்னது. சேனல்காரர் தட்டினார், டெஸ்க்டாப் போனது. ஸ்டீம் 32 பிட் நூலகங்களைக் கேட்கும். 32, 64 இரண்டும் அருகருகே நிற்க வேண்டிய நூலகங்கள் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினாலும் பேக்கேஜ்களை நீக்குவதுதான் ஒரே வழி என்ற முடிவுக்கு ஆப்ட் வந்துவிடும். உங்கள் கணினியில் ஸ்டீம், வைன் இருந்தால் அப்கிரேடுக்கு முன் அவற்றையும் அவற்றோடு வந்த ஐ386 (32 பிட்) நூலகங்களையும் எடுத்துவிட்டு, முடிந்தபின் திரும்ப நிறுவுவது நிம்மதி.

மெட்டாபேக்கேஜ் விஷயமும் இங்கேயே. கேடிஇ-ஃபுல் போன்ற ஒன்று போவதால் உடனே எதுவும் உடையாது. அது மற்றப் பேக்கேஜ்களை ஒருசேர இழுத்துவரும் ஒரு பட்டியல்தான். ஆனால் அதை நம்பி வந்தவை எல்லாம் ஆளில்லாதவை ஆகி, அடுத்த ஆட்டோரிமூவில் டெஸ்க்டாப்பே கிளம்பிவிடக்கூடும். பல மெட்டாபேக்கேஜ்களுக்கு இதைத் தடுக்கும் விதி ஆப்டில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. ஆப்ட்-மார்க் மேனுவல் பிளாஸ்மா-டெஸ்க்டாப் எஸ்டிடிஎம் நெட்வொர்க்-மேனேஜர் என்று ஒரு வரி முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

நம் ஊர்க் கரண்டுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். மழைக்காலச் சாயங்காலத்தில் பெங்களூரில் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வைஃபை ரூட்டருக்கு யுபிஎஸ் இல்லாத வீடே அதிகம். ஃபுல்-அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி என்று முதல் நாள் இரவே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டால், மறுநாள் நிறுவும்போது நெட் தேவைப்படாது. நிறுவலை டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் டெர்மினல் சன்னலில் ஓட்டாதீர்கள். நடுவில் பிளாஸ்மா சரிந்தால் அந்தச் சன்னலும் சரியும். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரையில், அமர்வு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். லேப்டாப் பேட்டரி முழுதாக இருக்கட்டும். அப்படியும் நின்றுவிட்டால் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, பிறகு ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால், இந்த வரிசையில். "ட்ரையிங் டு ஓவர்ரைட்" என்று ஒரு கோப்பின் பெயரோடு நின்றால், ஒரே கோப்பை இரண்டு பேக்கேஜ் உரிமை கொண்டாடுகிறது. ஃபோர்ஸ்-ஓவர்ரைட் போடச் சொல்லி உடனே யாராவது சொல்வார்கள். அதற்கு முன் இரண்டு பெயருக்கும் ஆப்ட் பாலிசி பாருங்கள். ஒன்றுக்கு ஊர் இருக்காது. அதை நீக்கினால் வழி தானே திறக்கும்.

ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸில் இதே வேலையை டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க் செய்கிறது. ரெப்போவில் இருக்கும் பதிப்புக்கே எல்லாவற்றையும் கொண்டுவரும், தேவைப்பட்டால் கீழிறக்கியும். --அலவ்எரேசிங் சேர்த்தால் நீக்கவும் செய்யும், அங்கேயும் பட்டியலைப் படிக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் பெரும்பாலான சிக்கல் பாக்மேன் -எஸ்ஒய் என்று பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒற்றைப் பேக்கேஜை நிறுவுவதில் வருகிறது, எப்போதும் -எஸ்ஒய்யு. பயனர்கள் பகிரும் ஏயூஆர் கிடங்கிலிருந்து கட்டியவற்றை க்யூட்டி ஏறியதும் மறுபடி கட்ட வேண்டும்.

ஏறி முடிந்து பிளாஸ்மா 6.3 திறந்ததும் பேனல் கலைந்தோ விட்ஜெட் இல்லாமலோ இருந்தால், உடனே பேக்கேஜ்களைச் சந்தேகிக்க வேண்டாம். புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பேக்கேஜ்கள் சரி. உங்கள் ஹோம் கோப்புறையில் கான்ஃபிக்கில் இருக்கும் பழைய பிளாஸ்மா கோப்புகள்தான் காரணம். தமிழ் தட்டச்சும் இந்த இடத்தில் சிலருக்கு நின்றுபோகும். எஃப்சிஐடிஎக்ஸ்5 பேக்கேஜ் அப்படியேதான் இருக்கும். பிளாஸ்மா 6 வழக்கமாக வேலேண்ட் என்ற திரை அமைப்பில் திறக்கிறது, அங்கே உள்ளீட்டுக் கருவியைத் தொடங்கிவைப்பது கேவின். சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்ட் பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுத்தால் தமிழ்99 வந்துவிடும். எழுத்துரு மாறித் தெரிந்தால் எஃப்சி-மேட்ச் சான்ஸ்:லாங்=டிஏ என்று கேளுங்கள்; தமிழுக்கு இப்போது எந்த எழுத்துரு போகிறது என்று ஒரே வரியில் சொல்லும். லோஹித் வேண்டியவர்களுக்கு ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்.

கடைசியாக ஆப்ட் லிஸ்ட் ?அப்சலீட். டெபியன் 12இல் இருந்து 13இல் இல்லாமல் போனவை இதில் வரும். லிப்ஏவியூட்டில்57, பழைய கர்னல், எப்போதோ நிறுவிய டெப் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் -எஸ்ஸோடு ரிமூவ் போட்டு, கூட எதுவும் போகவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். வெளி ரெப்போவைத் திரும்பச் சேர்ப்பதானால் இந்தப் பட்டியல் காலியான பிறகு, ட்ரிக்ஸிக்கென்று அவர்கள் தரும் வரியோடு, அதற்கென்று தனியாக ஒரு பின் கோப்பில் முன்னுரிமை 100 வைத்துச் சேருங்கள். அப்போது டெபியனிலும் இருக்கும் பேக்கேஜ்களுக்கு, நீங்கள் அந்த ரெப்போவின் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டுமே அதன் பதிப்பு வரும்.